முனைத் துண்டுகள்

இலங்கை மலையகத்தில், அப்புத்தளையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவுக்கு நான் விறகு வெட்டிப் போட்டேன். மாவு கிடைக்காத பஞ்ச காலம். தொழிலாளர் குடியிருந்த லயத்தில் என் மகள் எழுந்து நடக்கத் தெம்பில்லாமல் கிடந்தாள். பங்களாவில் மட்டும் வாரம் தவறாமல் பிஸ்கட் சுட்டார்கள்.

சுட்டவர் அங்கே சமையல்காரர். ஒல்லி ஆள். வெள்ளைக் கோட்டில் ஒரு கறை இருக்காது. யாரிடமும் முகம் பார்த்துப் பேசமாட்டார். மாவை நீள ரொட்டியாகச் சுட்டு, துண்டு போட்டு, அந்தத் துண்டுகளை மறுபடியும் மொறுமொறுவென்று சுடுவார். ரொட்டியின் இரண்டு முனைகளும் கோணலாக இருக்கும். அவை துரையின் தட்டுக்குப் போகாது, நாய்க்குப் போகும்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "நாய்க்குப் போடுறத எம்புள்ளைக்குக் குடுத்தா தொரை செத்தா போயிருவாரு?" என்று கேட்டேன்.

"வெறகு ஈரமா இருக்கு. காஞ்சதா கொண்டா," என்றார்.

காறித் துப்பிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு நீள ரொட்டிக்குப் பதிலாக ஐந்து குட்டி ரொட்டிகள் சுட்டிருந்தார். துரையின் மனைவி, துரைசானி, வந்து ஏன் என்று கேட்டாள்.

"பெருசா போட்டா நடுவுல வேகமாட்டேங்குதுங்க அம்மா. வெறகு சரியில்ல."

துரைசானி என்னைத் திட்டிவிட்டுப் போனாள். ஐந்து ரொட்டிக்குப் பத்து முனைகள். இரண்டை நாய்க்குப் போட்டார். மீதி எட்டையும் என் விறகுச் சாக்கில் போட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாம போய்யா," என்றார்.

வாராவாரம் எட்டு முனைகள் சாக்கில் வந்தன. மகள் பிழைத்தாள். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்களா, அவர்கள் அந்த வாரங்களில் எதைத் தின்றார்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.