அடிக்கக் கூடாத நாய்

எங்கள் மூன்று வயது மகனை நாய் கடித்தது செஞ்சிக் கடைத்தெருவில், சித்திரை மாதத்து உச்சிவெயிலில். கெண்டைக்காலில் பல் பதிந்து ரத்தம் வந்தது. என் கணவர் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நாய் மலைப் பக்கம் ஓடியது. பின்னால் கட்டையும் கல்லுமாக நாலைந்து ஆண்கள்.

நாயைக் கொன்றுவிட்டால் அதற்கு வெறி இருந்ததா என்று தெரியாது. தெரியாவிட்டால் குழந்தைக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி, நாள் தவறாமல். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை அந்த ஊசிக்கு அலறியதைக் கேட்டிருக்கிறேன். நாயைப் பத்து நாள் உயிரோடு கட்டி வைத்து, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் ஊசி வேண்டாம் என்பார்கள் அப்போது.

"நாயை உயிரோட புடிக்கணுங்க," என்றேன்.

"நாய் ஓட்டத்துக்கு நீ ஓடுவியா? பேசாம வா."

பேசாமல் போவதுதான் என் பழக்கம். அன்று போகவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன்.

சைக்கிள் கடை வாசலில் ஒருவன், "யக்கா, நாயிதான் முந்துது!" என்று கத்தினான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். கட்டையோடு போனவர்கள் ஊர் எல்லையிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள். "அது எங்கியோ பூடுச்சி, வூட்டுக்குப் போம்மா."

குதிரை, மான், நாய் எல்லாம் மனிதனைவிட வேகமானவை என்று பள்ளியில் படித்திருந்தேன். எவ்வளவு தூரத்துக்கு என்று அந்தப் பாடத்தில் இல்லை. நாய் பாய்ந்து ஓடும். புதர் நிழலில் நின்று நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். நான் நெருங்கினால் மறுபடி ஓடும். ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதைவிடக் குறைந்தது. அதற்கு நம்மைப் போல் உடம்பு வேர்ப்பதில்லை; இரைத்துத்தான் சூடு ஆற வேண்டும். நான் ஆறவிடவில்லை. என் ரவிக்கை தெப்பமாக நனைந்திருந்தது. குழந்தை என்னைத் தேடுவானே, அவனோடு போயிருக்க வேண்டுமோ, இது அதே நாய்தானா? கடித்த நாய்க்கு வால் நுனி வெள்ளை; அதைப் பார்த்துப் பார்த்து ஓடினேன்.

கடைசியில் நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை ஒன்றில், கிணற்றடி நிழலில் அது படுத்துவிட்டது. எழவில்லை. அதற்குள் கட்டைக்காரர்கள் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள்.

"நவுரும்மா, ஒரே அடி."

"அடிச்சா ஊசி எம்புள்ளைக்கு! உங்க வயித்துலயா குத்துவாங்க? கட்டையைக் கீழ போடுங்கடா!"

அன்னிய ஆண்களை நான் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. மரியாதை தவறிவிட்டேனோ என்று பிறகு யோசித்தேன். இல்லை. கொல்லைக்காரர் கிணற்றுக் கயிற்றில் சுருக்குப் போட்டு, எட்ட நின்றே வீசி நாயைப் பிடித்துக் கொடுத்தார்.

வீட்டில் கணவர் காத்திருந்தார். "ரோட்ல ஓடனியாமே? ஊரே சிரிக்குது. புள்ள அம்மா அம்மான்னு அழுவறான்." அது சுட்டது. உலைப்பானையை அடுப்பில் ணங்கென்று வைத்தேன்.

கொல்லைப்புறத்தில் நாயைக் கட்டி, தினமும் தண்ணீர்ச் சட்டியைக் கழியால் தள்ளி வைப்பேன். வெறி நாய் தண்ணீர் குடிக்காது என்பார்கள்; அது குடிக்கும்வரை அடுப்படிக்குப் போக மாட்டேன். பத்து நாளும் குடித்தது. ஊசி வேண்டாம் என்றார் டாக்டர்.

கயிற்றை அவிழ்த்ததும் கணவர் வாய்பிளந்து பார்த்தார். "இன்னா ஓட்டம் ஓடுது! இத எப்புடி நீ புடிச்ச?" அன்றுதான் கேட்கத் தோன்றியது அவருக்கு.

"அது நின்னுச்சி. நான் நிக்கல."

அவர் சிரித்தார். நான் நாய் வாய்வைத்த தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிப்போய்க் குப்பைமேட்டில் போட்டு உடைத்தேன்.