கலிங்கில் கழுவிய கலியாணக் கார்

தை மாதம் இருபத்திரண்டாம் திகதி, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். என் கராஜில் மூன்று வாகனங்கள் நின்றன. மூன்றுக்கும் பிரேக் வேலை. சிவபாதம் அண்ணையின் மைத்துனர் தவராசா அண்ணை தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, அத்தான் போயிட்டார். ஒட்டுசுட்டான் ரோட்டில, ஊரைத் தாண்டினதும், மதகில அடிபட்டு. மாடு குறுக்க வந்திட்டுதாம்."

"காருக்குள்ள வேற ஆர்?"

"ஒருத்தரும் இல்லை. முல்லைத்தீவில பொம்பிளையை ஏத்தி சேர்ச்சுக்குக் கொண்டுபோகப் போனவர்."

அந்த நேரத்தில் கேட்கக்கூடாத கேள்விதான். ஆனாலும் கேட்டேன். "காலமை காரை எங்க கழுவினவர்?"

"இதென்ன கேள்வியடாப்பா? குளத்துக் கலிங்கிலதான். கலியாணக் காரெல்லே!"

அந்த மாடு நிரபராதி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நெடுங்கேணியில் சிவபாதம் அண்ணையைத் தெரியாதவர் இல்லை. இருபது வருடமாக நம் மணப்பெண்களில் பாதிப்பேர் அவருடைய வெள்ளைக் காரில்தான் போனார்கள். இந்த நினைவு மலரில் மற்றவர்கள் அவருடைய சிரிப்பைப் பற்றியும் வெள்ளைச் சேர்ட்டைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். நான் வாகனத் தொழில்நுட்பம் படித்தவன். அவருடைய பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன்.

நான் கராஜ் திறந்த முதல் மாதம் அவர் வந்தார். பிரேக் மிதித்தால் கீச்சென்று கத்துகிறது என்றார். சில்லைக் கழற்றிப் பார்த்தேன். தட்டை இறுக்கிப் பிடிக்கிற பிரேக் பாட் தேய்ந்து முடிந்திருந்தது. தேய்ந்தால் கத்தவேண்டும் என்பதற்காகவே பிரேக் பாட்டோடு ஒரு சின்னத் தகடு வைத்திருக்கிறார்கள். அது எச்சரிக்கை. அதை விளக்கினேன். "வாற கிழமை மாத்துவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வந்த கிழமை சத்தமே இல்லாமல் வந்து இறங்கினார்.

"எங்க மாத்தினீங்கள், அண்ணை?"

"மாத்தேல்லை. தேங்காயெண்ணெய் போட்டனான். உன்ர படிப்பில இது இல்லையோ?"

பிரேக் தட்டில் தேங்காயெண்ணெய்! தோசைக்கல்லுக்குப் பூசுவதைப் போலத் துணியால் பூசியிருந்தார். கார்த் திறப்பைப் பிடுங்கிக்கொண்டு, எண்ணெய் குடித்த பிரேக் பாட்டுகளை எறிந்துவிட்டுப் புதியது போட்டேன். மத்தியானம் வரை கராஜ் வாசலில் நின்று, "பெடியன் என்னைக் கடத்தி வைச்சிருக்கிறான்" என்று போகிற வருகிற எல்லோருக்கும் சொன்னார். எல்லோரும் சிரித்தீர்கள். ஒருவராவது "அண்ணை, அவன் சொல்லுறது சரி" என்று சொல்லவில்லை.

அவருடைய காரின் வெளிப்புறத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். உள்ளே ஊதுபத்தி வாசம், கண்ணாடியில் மணிமாலை, இருக்கைகளில் கடையில் வாங்கிய நாளில் போட்ட பொலித்தீன் உறை. பொனற்றைத் திறந்தால் பிரேக் ஒயில் பால் விடாத பிளேன்ரீ நிறத்தில் கறுத்திருக்கும். அந்த ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். இதைச் சொன்னபோது அவர் தந்த பதில் எனக்கு மனப்பாடம்: "ஒயில் மாத்தினா ஆருக்குத் தெரியும், தம்பி? மினுக்கினா ஊருக்கே தெரியும்."

அவர் ஒருவர் மட்டும் அப்படி என்றால் விட்டிருப்பேன். நீங்கள் எல்லோரும் அப்படித்தான். குளம் நிரம்பி, மேலதிகத் தண்ணீர் கலிங்கால் வழியத் தொடங்கினால் போதும். உழவு இயந்திரம், ஓட்டோ, கார் எல்லாவற்றையும் அச்சு முட்டத் தண்ணீருக்குள் இறக்கிக் கழுவுகிறீர்கள். ஓடுகிற தண்ணீர் பட்டால் வாகனத்தைப் பிடித்த சனி போய்விடுமாம். சனி போகிறதோ தெரியாது. சில்லுக்குள் இருக்கும் பிரேக் டிரம்முக்குள் தண்ணீரும் மணலும் போகும். கரையேறியவுடன் மெதுவாக ஓட்டி, பிரேக்கை இலேசாகப் பலமுறை மிதித்துக் காயவைக்க வேண்டும். பிடிக்கிறது என்று காலுக்குத் தெரிந்த பிறகுதான் வேகம் எடுக்கலாம். ஐந்து நிமிட வேலை. போன மாரியில் கலிங்கடியில் நின்று இதைத்தான் கத்தினேன். சிவபாதம் அண்ணை கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு சொன்னார்: "காருக்குத் தடிமனும் காய்ச்சலும் பிடிக்குமெண்டு டொக்டர் பயப்பிடுறார்!" அன்று முதல் எனக்கு ஊரில் பெயர் டொக்டர்.

அவரை நான் முழு முட்டாள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் ஒரு நாள் நடந்தது குறுக்கே நிற்கிறது. மழைக்காலம், ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பிரசவ நோ கண்டு, அம்புலன்ஸ் வரத் தாமதமான நேரம், அவர்தான் முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் முன் இருக்கையில் இருந்தேன். பள்ளம் பள்ளமாகப் பார்த்து, ஆமை போல ஓட்டினார். "உவ்வளவு ஆறுதலா எல்லா நாளும் ஓடினா என்ன, அண்ணை?" என்று கேட்டேன். "எல்லா நாளும் ரெண்டு உயிரோ ஏறுது?" என்றார். பிள்ளை பிறந்த செய்தி வந்த பிறகுதான் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட இல்லை. பின் இருக்கையைக் கழுவத் தொடங்கினார். நாளைக்குக் கழுவலாமே என்றேன். "நாளைக்கு ஏறுற சனத்துக்கு ஊத்தை வாகனத்தைக் குடுக்கிறதோ? அது மரியாதையில்லை" என்றார். ஏறுபவர்மேல் அவ்வளவு கரிசனை இருந்த மனிதர், அந்தக் கரிசனையைச் சில்லுக்குள் எட்டிப் பார்க்கப் பயன்படுத்தவில்லை. இதுதான் எனக்கு ஆத்திரம்.

செத்தவீட்டில் கதிரைகளில் இருந்தவர்கள் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணூறு என்றார். இன்னொருவர், முன்சில்லுக்குக் கீழ் தேசிக்காய் வைக்காமல் எடுத்ததுதான் பிழை என்றார். மூன்றாமவர் மாட்டுக்காரனை அடிக்க ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். கார் கராஜுக்கு வந்ததும் நான் பின்சில்லின் டிரம்மைக் கழற்றினேன். ஈரம் காயாத குளத்து மணல் கொட்டியது. நனைந்த பிரேக் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விட்டால் வாகனம் இழுத்துக்கொண்டு போகும். அவரை அது மதகுக்கு இழுத்தது. மாடு ரோட்டைக் கடந்து போய் மேய்ந்துகொண்டிருந்ததாம்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் தவராசா அண்ணை கராஜுக்கு வந்தார். பின்னால் சிவபாதம் அண்ணையின் மகள் நிலானியும் வந்தாள்.

"தம்பி, தகரத்தை நிமித்திப் பெயின்ற் அடிச்சுத் தா. அடுத்த கலியாணத்துக்குக் கேட்டிட்டினம்."

"பிரேக் முழுக்கக் கழட்டவேணும்."

"அதைப் பிறகு பாப்பம். மாடு வந்ததுக்குப் பிரேக் என்ன செய்யும்?"

டிரம்முக்குள் இருந்த மணலை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இது மாட்டின்ர மணலோ?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்த மனிசனில பிழை பிடிக்கிறியோ? ஊர் என்ன கதைக்கும்?"

நிலானி அதுவரை காரின் நசுங்கிய முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா, நீங்கள் ஓடினாலும் நான் ஓடினாலும் அதில ஏறுறது எங்கட சனம்தானே. அண்டைக்கு அப்பா பொம்பிளையை ஏத்தின பிறகு இது நடந்திருந்தா?"

தவராசா அண்ணை குனிந்து பின்சில்லைப் பார்த்தார். கையிலிருந்த மணலைக் கொட்டவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, மலரில நீங்களும் எழுதுங்கோ. மாடு எண்டு மட்டும் எழுதாதேங்கோ. அப்பா ஏன் செத்தவர் எண்டு எழுதுங்கோ."

எழுதிவிட்டேன். மாட்டுக்காரனைத் தேடிப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

சிவபாதம் அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொள்வது தேங்காயெண்ணெய் வைத்தியத்தை அல்ல. நாளைக்கு ஏறப்போகிறவருக்காக இன்றைக்கே, சோற்றுக்கு முன், வாகனத்தில் கை வைத்த அந்த அவசரத்தை வைத்துக்கொள்கிறேன். இனி நான் செய்யப்போவது:

1. காரின் நான்கு சில்லுகளையும் கழற்றி, டிரம், பாட், குழாய், ஒயில் எல்லாவற்றையும் மாற்றுவேன். பெயின்ற் கடைசி வேலை.

2. அதுவரை திறப்பு என்னிடம் இருக்கும். தவராசா அண்ணை வாசலில் நின்று கத்தலாம். கதிரை போட்டுத் தருகிறேன்.

3. அடுத்த மாரியில் கலிங்கடி ஏற்றத்தில் என் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே நிறுத்துவேன். பிரேக்கைக் காயவைக்காத ஒருவரும் ரோட்டில் ஏற முடியாது. டொக்டர் என்று கூப்பிடுங்கள், பரவாயில்லை.

4. வேலை முடிந்ததும் நிலானியை ஓட்ட வைத்து, ஆளில்லாத ரோட்டில் நான் பக்கத்து இருக்கையில் ஏறுவேன். பிரேக்கை மிதிக்கச் சொல்வேன். கார் நேராக நிற்கும் வரை, திரும்பத் திரும்ப.