சத்தமில்லாத இருபத்திரண்டு விநாடி

சுந்தரி படம் பார்க்கிறவள் அல்ல, படம் சொல்கிறவள். திரைக்கு இடப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த நாட்டுக்காரன் எந்த பாஷையில் வாயைத் திறந்தாலும், அர்த்தத்தை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொண்டு, அதைத் தன் ஊர்த் தமிழில் சொல்லுவாள். வருஷத்துக்கு ஒருமுறை சித்தூர், சந்திரகிரி, திருப்பதி, பாகாலா என்று நான்கு ஊர்களில் நடக்கும் படவிழாவில் அவளுக்கு இதுதான் வேலை. ‘அமைதிக்கும் சமநீதிக்கும்’ என்று பேனரில் போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, சண்டைப் படம் இருக்காது போலிருக்கிறதே என்று திரும்பிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்ததில்லை. அதற்கு முக்கால்வாசிக் காரணம் சுந்தரியின் குரல்.

இந்த வித்தை அவளுக்கு ஜூஸ் பேக்டரியில் வந்தது. சீசனில் மாம்பழக் கூழ் அரைக்கும் அந்தக் கூடத்தில் மிஷின் போடும் சத்தத்துக்கு, பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. பழம் நறுக்கும் பெண்களோ பன்னிரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறவர்கள் அல்ல. குரலை விட்டுவிட்டு உதட்டாலேயே பேசப் பழகிக்கொண்டார்கள். மாமியார் கதையும் மேஸ்திரியின் வழுக்கையும் சத்தமே இல்லாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மேஸ்திரி தன் சட்டைப் பித்தானைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அங்கே பதினாறு சீசன் நின்றவள் சுந்தரி.

ஒரு வருஷம் விழாவில் ஸ்பீக்கர் நின்றுபோனபோது, கூட்டத்தில் இருந்த அவள் எழுந்து, தெலுங்குப் படத்தின் வசனத்தை உதடுகளைப் பார்த்தே சொல்ல ஆரம்பித்தாள். விழாவை நடத்தும் மைத்ரேயி, திருப்பதிக் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறவர், அன்றைக்கே அவளைப் பிடித்துக்கொண்டார். சுந்தரி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

“வாயில இன்னா வருதோ அத்தத்தான் சொல்லுவேன். சேத்தும் சொல்லமாட்டேன், கொறச்சும் சொல்லமாட்டேன்.”

அந்த வார்த்தையை இந்த வருஷம் அவள் மீறினாள்.

வந்த படங்களில் ஒன்று அவள் ஊர்க்காரன் கிரண்குமார் எடுத்தது. நிலமில்லாத ஐந்து குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்த நிலத்தின் கதை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாகபூஷணம் என்ற பெரிய மனிதர் அதில் கல் நட்டு வேலி போட்டார். முதல் கல்லைப் பிடுங்கியவன் சுந்தரியின் தம்பி சின்னப்பன். கிரண்குமார் அன்று அதைப் போனில் எடுத்திருந்தான். மைக் ரிப்பேரான போன், குரல் பதிவாகவில்லை. கடப்பாரையோடு நின்று சின்னப்பன் இருபத்திரண்டு விநாடி பேசுகிறான். மறுநாள் காலையில் கிணற்றில் பிணமாகக் கிடந்தான்.

குடித்துவிட்டு வழுக்கி விழுந்தான் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தவள் சுந்தரிதான். சின்னப்பன் டீக்கு மேல் எதையும் தொடாதவன். பிணம் வாசலில் கிடக்கும்போதே நாகபூஷணத்தின் ஆட்கள் வந்தார்கள். கையெழுத்துப் போட்டால் கல்லை எடுத்துவிடுகிறோம், இல்லாவிட்டால் ஐந்து வீடும் மறுபடி கூலிக்குத்தான் என்றார்கள். போட்டாள். சொன்னபடி கல் போயிற்று. இன்றைக்கு ஐந்து குடும்பமும் அந்த நிலத்தில் தக்காளி போடுகின்றன, சுந்தரி உட்பட. ஏன் அப்படி எழுதிக் கொடுத்தாய் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. அவளுக்கும் அது வசதியாகவே இருந்தது.

கிரண்குமார் அந்தக் காட்சியை முதலில் லேப்டாப்பில் போட்டுக் காட்டினான். “நைனா மேல ஆணையா சொல்றேன், அந்தப் போனுல சத்தமே இல்லக்கா. நீதான் பாத்துச் சொல்லணும்.”

தம்பியின் உதட்டைப் பார்த்தாள். ‘வெயிலு ஜாஸ்தியா கீது. கல்லுக்குக் கிட்ட வராதீங்கோ, காலு மேல வுழும்.’ அவ்வளவுதான். அவனுக்கு எப்போதும் அடுத்தவர் கால் மேல்தான் கவலை. சுந்தரி அதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

முதல் காட்சி சித்தூரில், மத்தியானம். படம் ஓடியது, சின்னப்பன் வந்தான். சுவர் உயரத்துக்கு நின்று, கூட்டத்தை விட்டுவிட்டு இடப்பக்கம், அவள் நாற்காலியைப் பார்த்தான். உதடு அசைந்தது.

‘அக்கா, நான் குடிக்கல.’

சுந்தரி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். காகிதத்தில் இருந்ததைப் படித்தாள். “வெயிலு ஜாஸ்தியா கீது.” ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கைதட்டினார்கள்.

சந்திரகிரியில் அவன், ‘ஒனக்குத் தெரியுமில்ல?’ என்றான். அவள் வெயிலைப் பற்றிச் சொன்னாள். திருப்பதியில், ‘இன்னா எழுதிக் குடுத்த?’ என்றான். அதற்கும் வெயில்தான். காட்சி முடிந்ததும் மைத்ரேயியிடம் லேப்டாப்பில் மறுபடி போடச் சொன்னாள். சின்னத் திரையில் அவன் காமிராவைப் பார்த்து, கல்லுக்குக் கிட்ட வராதீர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“என்னாச்சு சுந்தரிம்மா? முகமெல்லாம் வேர்த்திருக்கே. அடுத்த ஊருக்கு வேற யாரையாவது வெச்சுக்கலாமா?” என்றார் மைத்ரேயி.

வேண்டாம் என்றாள். வேறு யார் உட்கார்ந்தாலும் அவன் அந்த நாற்காலியைத்தான் பார்ப்பான் என்று அவளுக்குப் பயம்.

கடைசிக் காட்சி பாகாலாவில். கல்யாண மண்டபத்து ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். வெளியே பட்டப்பகல், உள்ளே கையை நீட்டினால் கை தெரியவில்லை. மாங்காய் சீசன் முடிந்து வேலையில்லாமல் இருந்ததால், முன் இரண்டு வரிசையிலும் சுந்தரியின் ஊர்ப் பெண்கள். நடுவில் செங்கம்மா. அவள் வீடும் அந்த ஐந்தில் ஒன்று.

சின்னப்பன் வந்தான். நாற்காலியைப் பார்த்தான்.

‘நான் வழுக்கி வுழல அக்கா. தள்னாங்க.’

“வெயிலு ஜாஸ்தியா கீது,” என்றாள் சுந்தரி. “கல்லுக்குக் கிட்ட வராதீங்கோ.”

ஏதோ உறுத்த, அவள் முன்வரிசைப் பக்கம் திரும்பினாள். திரை வெளிச்சம் பட்டு முகங்கள் தெரிந்தன. அத்தனை வாயும் அசைந்துகொண்டிருந்தன. சத்தமே இல்லை.

‘அவன் அத்த சொல்லல.’ ‘ஏன் மாத்துற?’ ‘தள்னாங்கன்னு சொல்றான்.’

முந்தைய மூன்று ஊர்களிலும் உதடு படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இங்கே இருபது பேர். அதே பேக்டரியில், அதே மிஷின் பக்கத்தில் நின்றவர்கள். இது அவளுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். பயம் அவள் புத்தியைத் தின்றுவிட்டது. தன் கண்ணின் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கவும் இனி வழியில்லை. நிலம் போய்விடும் என்று கடைசியாக ஒரு சாக்கு மட்டும் மிச்சமிருந்தது. அவள் செங்கம்மாவைப் பார்த்தாள்.

செங்கம்மாவின் உதடு நிதானமாக அசைந்தது. ‘நெலம் போனா போவுது. சொல்லு.’

சுந்தரி மைக்கை வாயருகே கொண்டுபோனாள். “மைத்ரேயிம்மா, அத்தத் திரும்பிப் போடுங்க.”

“ஏன், சரியாத்தானே சொன்னேள்?”

“இல்லீங்க. பொய் சொன்னேன். நாலு ஊர்லயும்.”

படம் பின்னால் போய் மறுபடி ஓடியது. இந்த முறை சின்னப்பன் எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னான், அவன் சொல்லச் சொல்ல அவளும் சொன்னாள். குடிக்கவில்லை, வழுக்கவில்லை, தள்ளினார்கள். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, படத்தோடு தன் சொந்த வார்த்தையையும் சேர்த்துச் சொன்னாள். “குடிச்சான்னு எழுதிக் குடுத்தவ நான்தான். அவன் அக்கா.”

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போனாள். செங்கம்மாவும் மற்றப் பெண்களும் வாசலில் நின்றார்கள். கூட வந்த கிரண்குமாரின் போனை சப் இன்ஸ்பெக்டர் வாங்கி அந்த இருபத்திரண்டு விநாடியைப் பார்த்தார். இரண்டாம் முறையும் பார்த்தார். சின்னப்பன் கடப்பாரையோடு நின்றான். வாய் மூடியிருந்தது, கடைசி வரைக்கும்.

“இவன் ஒண்ணும் பேசலியேம்மா,” என்றார் அவர்.

சுந்தரி எட்டிப் பார்த்தாள். தம்பி அவளைப் பார்க்கவில்லை. கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவன் பேசி முடிச்சுட்டான் சார். இனிமே நான்தான் பேசணும். எழுதிக்கோங்க.”