புளியறைச் சாவடியில் ஆறு மஞ்சள் பாட்டில்கள்

வடகரை சுகிர்தம் ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளி இறுதித் தேர்வில் ரசாயனத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. மீதி நாலு எங்கே போயிற்று என்று அவளுடைய அண்ணன் தங்கசாமி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். எம்.எஸ்ஸி. படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேட டில்லிக்குத்தான் போக வேண்டும் என்று பயமுறுத்திய மூன்று மாமன்களை மீறி ஒரு பட்டம். குற்றாலம் போகும் சாலையில் இருந்த ஒரு கல்லூரியில், ஆய்வகத்தில் செய்துகாட்டும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. அந்தக் கல்லூரியின் ரசாயனத் தராசின் கண்ணாடிக் கதவைத் தன் கையால் திறக்கும் உரிமை. அதற்கு மட்டும் பதினான்கு மாதம் பிடித்தது. 1980-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர். 1986-இல் டாக்டர் பட்டம்.

எல்லாமே திறமையால் கிடைத்தவை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் கட்டுரையில் முதல் பெயர் வந்ததற்குப் பேராசிரியர் சாம்பசிவத்தின் வீரமும் ஒரு காரணம். அதை மறைப்பது நன்றிகெட்டத்தனம்.

சாம்பசிவம்தான் துறைத் தலைவர். சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கப்போவதாக 1975 முதல் கல்லூரி விழாக்களில் தவறாமல் பேசிவந்தார். ஆனி பிறந்தால் சாரல் பிடித்து, துவைத்த வேட்டி மூன்று நாள் காயாத ஊரில் நின்று இதைப் பேசத் தனித் துணிச்சல் வேண்டும். ஆராய்ச்சியில் அவர் வேலை யோசிப்பது, சுகிர்தத்தின் வேலை கழுவுவது. கருவிப் பதிவேட்டிலோ குறிப்பேட்டிலோ அவர் மட்டுமே கையெழுத்திடுவார். அவள் எழுதி முடித்த பக்கத்தின் கீழே தேதி போட்டு, ரப்பர் முத்திரையும் குத்துவார். முத்திரை எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.

அவள் செய்துவந்தது இதுதான். காட்மியம் உப்பைத் தண்ணீரில் கரைத்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு பாஸ்பேட்டையும் சேர்த்து, கெட்ட முட்டை வாடையடிக்கும் வாயுவை அதில் குமிழி குமிழியாக விடுவாள். காட்மியம் சல்பைடு, கண்ணுக்கு அகப்படாத துகள்களாகத் தண்ணீரில் நிற்கும். அது மஞ்சளாக இருக்கும் என்றது புத்தகம். ஆனால் சாரல் நாளில் சில்லென்ற தண்ணீரில் செய்தபோது எலுமிச்சைச் சாறு மாதிரி வெளுத்து வந்தது. தண்ணீரைச் சுடவைத்துச் செய்தால் அரைத்த மஞ்சளின் நிறம். அதே உப்பு, அதே எடை. சாம்பசிவம் தூரத்திலிருந்து பார்த்து, பாட்டிலைச் சரியாகக் கழுவவில்லை என்று தீர்ப்பளித்தார்.

தங்கைக்காக அந்தப் பாட்டிலைக் கழுவிக் கொடுத்தவன் தங்கசாமி. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, தென்காசி கடைத்தெருவில் முகம்மது கனியின் மருந்துக் கடையில் பதினேழு வருடம் வேலை பார்த்தவன். கால் அவுன்ஸ் மருந்து கூடக் கூடுதலாகப் போகாத கை. இந்தத் தீர்ப்பைக் கேட்டதிலிருந்து இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கடையில் காலியாகக் கிடந்த ஆறு கண்ணாடி பாட்டில்களைப் பொறுக்கி, லேபிளைச் சுரண்டி, சோடா உப்பில் கொதிக்கவைத்து, வாலையில் காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று முறை அலசிக் கொடுத்தான். ஒவ்வொன்றிலும் எண், தேதி, மணி, தண்ணீரின் சூடு எல்லாம் எழுதி ஒட்டினான். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சூட்டில் சுகிர்தம் செய்தாள்; முன்பு வந்த மாதிரியே சூட்டுக்குத் தக்கபடி ஆறும் ஆறு விதமான மஞ்சளாக வந்தன.

சில்லென்ற தண்ணீரில் துகள் சிறுத்துவிடுகிறது, துகள் சிறுக்கச் சிறுக்க, அது விழுங்கும் வெளிச்சம் ஊதாப் பக்கம் நகர்கிறது என்று சுகிர்தம் சொன்னாள். பொருளை மாற்றாமல், துகளின் அளவை மட்டும் மாற்றி, எந்த வெளிச்சத்தை வாங்குவது என்று நாமே முடிவுசெய்யலாம். நிரூபிக்க, விழுங்கும் வெளிச்சத்தை அளந்து கோடு வரைகிற கருவி வேண்டும். அது திருவனந்தபுரத்தில் இருந்தது. இவ்வளவும் கேட்டு முடித்தபோது யோசனை சாம்பசிவத்தினுடையதாகிவிட்டது.

கல்யாணமாகாத பெண் பேராசிரியரோடு தனியாக வெளியூர் போவதாவது என்று அம்மா வடிவம்மாள் சொன்னதால் தங்கசாமியும் பஸ் ஏறினான். கருவி ஆறு கோடுகள் வரைந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, படிக்கட்டு மாதிரி நகர்ந்திருந்தன. சாம்பசிவம் ஆறு தாளிலும் தன் பெயரை எழுதினார். திரும்பும் பஸ்ஸில் கட்டுரையின் தலைப்பைக்கூடச் சொல்லிப் பார்த்தார்.

சுகிர்தம் மெதுவாகக் கேட்டாள். "செஞ்சது நான்தானே, சார்?"

"கல்யாணப் பத்திரிகையில சமையக்காரி பேரையா போடுதாங்க? கடைசியில நன்றி சொல்லுத இடத்துல போட்டுருதேன்மா."

தங்கசாமி ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சுகிர்தம் மூன்று மழைக்காலம் நின்று செய்த வேலை, ஒரு நன்றியில் முடியப் போகிறது.

புளியறைச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றது. மதுவிலக்குக் காலம். கேரளத்திலிருந்து வரும் பை ஒவ்வொன்றிலும் ஏட்டு பலவேசம் கைவிட்டுத் துழாவுவார். ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், பிறகு தலைகீழாகத் திருப்பினார். அடியில் புடைத்து நின்ற எழுத்துகளை அப்போதுதான் தங்கசாமியும் பார்த்தான். லேபிளைச் சுரண்டியவன் அடியைப் பார்க்கவில்லை. ஆறும், சாராயம் கலந்த வயிற்றுவலி மருந்தான இஞ்சி டிஞ்சர் பாட்டில்கள். அந்த வருடங்களில் இஞ்சி டிஞ்சர் வாங்கியவர் எவருக்கும் வயிற்றுவலி இருந்ததில்லை என்பது மருந்துக் கடைக்காரனுக்கும் தெரியும், ஏட்டுக்கும் தெரியும்.

பலவேசம் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சரக்கு கெட்டுப்போய்விட்டது என்று வருத்தப்பட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று விரலை உள்ளே விட்டார்.

"நாக்குல வச்சிராதீங்க அய்யா," என்றாள் சுகிர்தம். "விஷம்."

பஸ்ஸில் இருமிக்கொண்டிருந்தவர்கூட இருமலை நிறுத்தினார்.

"விஷமா? யாரு காய்ச்சினது இது?"

சாம்பசிவத்தின் வீரம் வெளிப்பட்டது இங்கேதான். "நமக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஏட்டய்யா. எல்லாம் இந்தப் பிள்ளை செஞ்சது. நான் சும்மா கூட வந்தேன்."

எழுதிக் கொடுக்கச் சொன்னார் பலவேசம். கார்பன் வைத்த தாளில், கேட்டதற்கும் மேலாகவே எழுதினார் பேராசிரியர்: மேற்படி ஆறு பாட்டில்களில் உள்ள பொருளின் யோசனையிலோ தயாரிப்பிலோ எனக்கு எவ்விதப் பங்கும் இல்லை, முழுவதும் செல்வி சுகிர்தத்தின் வேலை. கையெழுத்துப் போட்டார். பழக்க தோஷம், முத்திரையையும் குத்தினார்.

பாட்டில்களில் சாராயம் துளியும் இல்லை என்று அரசாங்கப் பரிசோதனை பிறகு சொன்னது. ஐந்து மாதம் கழித்து, தன் பெயரை மட்டும் போட்டுக் கட்டுரையைத் தபாலில் சேர்க்கப்போன சாம்பசிவத்தை கல்லூரி முதல்வர் கோமதியம்மாள் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையில் அந்தக் கார்பன் நகல் இருந்தது. சாவடியில் கேட்டு வாங்கியிருந்ததைத் தங்கசாமி கொண்டுபோய் வைத்திருந்தான். இந்த முத்திரை உங்களுடையதுதானே என்று மட்டும் முதல்வர் கேட்டார். கட்டுரை சுகிர்தத்தின் பெயரில் வந்தது; அதன் கடைசியில் பேராசிரியருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டிருக்கிறது, பயணத்தில் உடன் வந்ததற்காக.

ஆனால் அன்று சாவடியில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? செய்தவர் கையெழுத்துப் போட்டால் செங்கோட்டை ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருக்கும், வேலைக்கு ஆபத்து வந்தாலும் வரும் என்று பலவேசம் ஒளிக்காமல் சொன்னார். தங்கசாமி முன்னால் வந்து பேனாவுக்குக் கை நீட்டி, தங்கையிடம் சொன்னான்.

"நீ போடாத ஏட்டி. பாட்டில் நான் கொண்டாந்தது. நான் போடுதேன்."

"பாட்டில் உனக்குள்ளது அண்ணே," என்றாள் சுகிர்தம். "உள்ள இருக்கது எனக்குள்ளது."

பேனாவை அவள் வாங்கிக்கொண்டாள். கண்டக்டர் இரண்டு முறை விசில் ஊதினார். அவள் அவசரப்படவில்லை. ஆறு பாட்டிலுக்கும் உப்பின் எடை, தண்ணீரின் சூடு, வாயு விட்ட நிமிடங்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். அடியில் 'தயாரித்தவர்' என்று எழுதி, தன் வேலைக்கு முதன்முதலாகத் தன் கையெழுத்தைப் போட்டாள்: வ. சுகிர்தம், 19 ஜூலை 1979.