மார்பிலேயே பிறந்ததாக இருக்கட்டும் என்று வேண்டினேன்

போன வருடம் என் மனைவி செல்வியின் இடது மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய். அதிலும் அபூர்வமான வகை. ஹார்மோன் சுரக்கும் நரம்புச் செல்லைப் போன்றதாம். நுரையீரலிலும் குடலிலும்தான் பெரும்பாலும் வருமாம்.

"வேற எங்கயோ ஆரம்பிச்சு மார்புக்கு வந்திருந்தா, பரவிடுச்சுன்னு அர்த்தம் அங்கிள்," என்றார் டாக்டர். "மார்புலயே வந்ததுன்னா நல்லா வைத்தியம் பண்ணலாம்."

அதே சதையில், நோய் எங்கே பிறந்தது என்று காட்டும் இன்னும் சில சாயப் பரிசோதனைகள், உடம்பு முழுவதும் ஸ்கேன். முடிவுக்குக் காத்திருக்கச் சொன்னார். தொழிற்சாலை வேலைக்குப் போனேன். கை வேலை செய்தது, மனம் செத்துக் கிடந்தது.

மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுக்கக் காப்புக் கட்டினேன். மார்பில் புற்றுநோய் என்றால் மற்றவர்கள் அழுவார்கள். நான் அதைத்தான் கேட்டேன். "ஆத்தா, அது மார்பிலேயே பிறந்ததா இருக்கணும்." கெஞ்சவில்லை. கண்ணைப் பார்த்துக் கேட்டேன்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு முடிவு வாங்க வரச் சொன்னார்கள். காப்புக் கட்டியவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் தீட்டு என்பது எங்கள் வழக்கம். அக்கா வாசலை மறித்தார்.

"காப்போட அங்க போவியா? ஆத்தா கண்ணைக் குத்திடுவா. திருவிழா முடியட்டும் லா."

"குத்தட்டும்கா. இவளைத் தனியா அனுப்ப மாட்டேன்."

"வாயே தொறக்காதவன் பேசுறான் பாரு!"

செல்வி சிரித்துவிட்டாள். "பேசிட்டாருக்கா. இதுக்காகவே நான் பொழைச்சுக்குவேன்."

டாக்டர் காகிதத்தைத் திருப்பினார். "அங்கிள், இது இங்கயே பொறந்தது." ஸ்கேனில் வேறெங்கும் ஒன்றுமில்லை. கட்டிக்குப் பக்கத்திலேயே, பால் குழாய்க்குள், மார்புப் புற்றின் ஆரம்பம் தெரிந்ததாம்; அதுதான் இங்கேயே பிறந்ததற்குச் சாட்சியாம். புற்றுநோயை உறுதி செய்த அந்தக் காகிதத்தை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். டாக்டர் திகைத்துப் பார்த்தார்.

திருவிழாவன்று, தீட்டோடு குடம் எடுக்காதே என்றார்கள் சிலர். "என் ஆத்தாவுக்கு ஆஸ்பத்திரி தீட்டில்ல," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு எடுத்தேன். ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாகக் கூட்டத்தில் என் குரல் எனக்கே கேட்டது.

செல்விக்கு ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். கீமோவும் முடிந்தது. தலைமுடி வளர்கிறது. நோய் திரும்பலாம் என்பதை டாக்டர் மறைக்கவில்லை. திரும்பினால் மறுபடியும் போய் நின்று கேட்பேன்.

உங்கள் வீட்டுப் பெண் கட்டி இருக்கிறது என்று சொன்னால், நாள் பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். வேண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு நடங்கள். ஆத்தா உங்களுக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருப்பாள்.