வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தாள்

அச்சகத்தோடு சேர்ந்த பைண்டிங் கடையில் அவளுக்கு அமுக்குணி என்று பெயர். கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பாள், கேலி செய்தால் சிரிப்பாள், அதட்டினால் தலையாட்டுவாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று பக்கத்து மேஜைப் பெண்கள் கேட்பார்கள். அதற்கும் ஒரு சிரிப்புதான்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பதினான்கு வருஷமாக ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து தாள் மடிக்கிறாள், அடுக்குகிறாள், பசை தடவுகிறாள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க நேரம் இருக்காது. ஆனால் எந்தக் கட்டு ஈரம் குடித்திருக்கிறது, எந்தத் தாள் மடித்தால் வெடிக்கும் என்பதெல்லாம் விரல் வைத்தாலே சொல்லிவிடுவாள்.

கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரே மகள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்வதற்கான படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷப் பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறினால் அந்த இடம் அவளுக்கு. மாதிரித் தேர்வில் மற்றதெல்லாம் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் நூற்றுக்கு இருபத்திரண்டு.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. நல்ல மனதோடுதான் சொன்னார்.

"இதுக்கு ஏம்மா கலங்கறே? பாஸாகலைன்னா இங்க அனுப்பு. உன் பக்கத்துலயே ஒரு நாற்காலி போட்டுடலாம்."

அன்று முழுவதும் தன் இடப்பக்கம் காலியாக இருந்த அந்த ஓரடி இடத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கே கழுத்து வலித்தது.

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஆள் தேடக் கிளம்பினாள். பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரை வாசல் கேட்டில் பிடித்தாள். அந்த அம்மாள் நடையை நிறுத்தவில்லை.

"பன்னிரண்டு நாள்லயா? பன்னிரண்டு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க? வீடு பத்திக்கிட்டு எரியும்போதுதான் கிணறு வெட்டுவீங்களா?"

பக்கத்துக் கட்டிடத்தில் என்ஜினியரிங் படிக்கும் பெண் ஒருத்தி இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தாள். மூன்றாம் நாள், "ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. இவளுக்கு விளக்கி விளக்கி எனக்கே குழம்பிப் போச்சு. எனக்கும் அடுத்த வாரம் பரீட்சை இருக்கு" என்று கைவிரித்துவிட்டாள். ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவரைக் கணக்கில் புலி என்றார்கள். போய்ப் பார்த்தால் புலி மத்தியானம் மூன்று மணிவரை தூங்கியது. எழுந்த பிறகும் கொட்டாவிதான் விட்டது.

ஒன்பது நாள்தான் பாக்கி. அன்றைக்குத்தான் கட்டிங் அண்ணன் அவளிடம் பேசினார். தாள் வெட்டும் இயந்திரத்தில் நிற்பவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கட்டிங் அண்ணன். பதினான்கு வருஷத்தில் அவளை நலம் விசாரித்ததே இல்லை.

"என்ன அமுக்குணி, மூஞ்சி செத்துக் கிடக்கு?"

அவள் சொன்னாள். நாலு வாக்கியம்தான் வந்தது.

"இதானா? கண்ணாடிக் கடை மாடியில ஒரு சார் இருக்கார். செத்த கணக்கையும் எழுப்பி உட்கார வெச்சிடுவார். போய்ப் பாரு." பிறகு இயந்திரத்தின் பிடியில் கையை வைத்துக்கொண்டு, "நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே. பழைய மனஸ்தாபம்" என்றார்.

கண்ணாடிக் கடைக்குப் பக்கவாட்டில் இரும்புப் படி. மேலே இரண்டு அறை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய மாணவர்களின் போன்கள். உள்ளே இருபது பேர் இருந்தும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சார் ஒல்லியான மனிதர். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நோட்டுத் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார்.

"இடமில்லம்மா. போன மாசமே நிறுத்திட்டேன்."

"ஒரே பொண்ணு சார்..."

"எல்லாருக்கும் ஒரே பொண்ணுதான், ஒரே பையன்தான். போயிட்டு வாங்க."

அவள் திரும்பினாள். கெஞ்சத் தெரியாதவளுக்குப் படி இறங்குவது ஒன்றுதான் தெரியும். இரண்டாவது படியில் கால் வைத்தபோது அவர் குரல் வந்தது.

"எங்க வேலை பாக்கறீங்க?"

"பைண்டிங்ல சார்."

"எந்த பைண்டிங்?"

சொன்னாள். அவர் பேனா நின்றது. அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். துணிக்கடையில் துணியைப் பார்ப்பதுபோல அளவெடுத்துப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா?"

"பதினாலு."

"நாளைக்கே வரச் சொல்லுங்க. மத்ததெல்லாம் பரீட்சை முடியட்டும், பேசிக்கலாம்."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. ஆனால் தெய்வம் எதற்காகக் கடை விலாசத்தைக் கேட்டது? படி முழுக்க இதே யோசனையாக இறங்கினாள். கீழே வந்ததும் அந்த யோசனையைத் துடைத்துப் போட்டாள். தண்ணீரில் தத்தளிப்பவள் வந்த கை யாருடையது என்றா பார்ப்பாள்?

சார் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தார். அதை மறைப்பதற்கில்லை. மகள் ஐந்தே நாளில் மாறிவிட்டாள். சாப்பிடும்போது மேஜையில் விரலால் கணக்குப் போட்டாள். "அம்மா, இது ஒண்ணுமே இல்லம்மா. இந்தப் பக்கத்துல இருக்கறதைத் தூக்கி அந்தப் பக்கம் போடறதுதான்" என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். ஒன்றும் புரியவில்லை, இருந்தும் வயிறு குளிர்ந்தது.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து வந்த மகள் பைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்தாள்.

"கடைசி மாடல் பேப்பராம். இதை மட்டும் போட்டுப் பாத்தா போதும்னார்."

"எல்லாருக்கும் குடுத்தாரா?"

"எல்லாரும் அங்கேயே பாத்து எழுதினாங்க. தாளைத் திருப்பி வாங்கிட்டார். எனக்கு மட்டும்தான் வீட்டுக்குக் குடுத்தார். பத்திரமா வெச்சிரு, தொலைச்சிடாதேன்னார்."

மகள் குளிக்கப் போனாள். அம்மா உறையிலிருந்து தாள்களை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நான்கு தாள், ஜெராக்ஸ். கேள்விகளை அவள் பார்க்கவில்லை. பார்த்தாலும் விளங்காது. மூலைகளைப் பார்த்தாள். நான்கு மூலையிலும் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள். ஓரத்தை எங்கே வெட்ட வேண்டும் என்று அச்சகத்தில் போடும் வெட்டுக்குறிகள் அவை. வெட்டி முடித்து வெளியே போகும் தாளில் இருக்கவே இருக்காது. மை சரியாகும் வரை ஓடும் கழிவுத் தாளில்தான் இருக்கும்.

பிறகு கீழ் ஓரத்தைப் பார்த்தாள். கடைசி வரியின் எழுத்துகளைக் குறுக்கே அறுத்துக்கொண்டு முடியளவு ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். அவர்கள் அச்சகத்து உருளையின் ரப்பரில் ஒரு கீறல் இருந்தது. முதலாளி மாற்றாமலே காலம் தள்ளிக்கொண்டிருந்தார். கீறல் பட்ட இடத்தில் மை பிடிக்காது. பில் புத்தகமோ, மருந்துப் பெட்டியோ, ஏழெட்டு மாதமாக அங்கே அச்சான எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே கோடு.

சமையலறைச் சுவரில் சாய்ந்து அவள் உட்கார்ந்தாள். 

போன மாதம் நான்கு நாள் அச்சகத்தின் ஷட்டர் இறங்கியே கிடந்தது. எல்லோருக்கும் லீவு. நான்கு பேர் மட்டும் வந்தால் போதும் என்று முதலாளி ஆள் பொறுக்கினார். "அமுக்குணி இருக்கட்டும். அவ வாயைக் கடப்பாரை போட்டாலும் திறக்க முடியாது" என்றார். பழுப்புத் தாள் சுற்றி வந்த கட்டுகளுக்கு முத்திரை ஒட்டுவது அவள் வேலை. உள்ளே என்ன என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. முதல் நாள் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒரு பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. முதலாளி பேனாவைத் திறந்து நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். அவரை நிற்க வைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கூச்சமாக இருந்தது. போட்டுவிட்டாள்.

அந்த நான்கு பேரில் கட்டிங் அண்ணனும் ஒருவர். கழிவுத் தாளைப் பொடிப்பொடியாக வெட்டிப் போடுவது அவர் பொறுப்பு.

மகள் ஈரத் தலையோடு வந்து நின்றாள். அம்மா கையிலிருந்த தாளையும் அம்மா முகத்தையும் பார்த்தாள்.

"இது மாடல் இல்ல. வரப்போற பேப்பரே இதுதான்" என்றாள் அம்மா. வெட்டுக்குறியைக் காட்டினாள். கோட்டைக் காட்டினாள்.

மகள் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மெல்ல, "யாருக்கும் தெரியாதேம்மா" என்றாள்.

"குடுத்தவங்களுக்குத் தெரியும்."

"கிழிச்சு அடுப்புல போட்டுடு. ஆனா நான்தான் அங்கேயே மூணு கணக்குப் போட்டுட்டேனே. மனசுல இருக்கறதையும் எரிச்சிடுவியா?"

எரித்துவிடலாம்தான். ஆனால் எதற்காக இவளிடம் மட்டும் கொடுத்தனுப்பினார்கள்? நாளைக்கே விஷயம் வெடித்தால் அவர்கள் கைகாட்ட ஒரு வீடு வேண்டாமா? அச்சகத்தில் அம்மா, பரீட்சை எழுதும் மகள். தாளை எரித்தாலும் அந்தக் கையெழுத்தை எரிக்க முடியுமா?

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குப் போகவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனாள். உறையை மேஜையில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். ஆறேழு நிமிஷம் விடாமல் பேசினாள். அவள் ஆயுளிலேயே அதுதான் நீளமான பேச்சு. தலைமையாசிரியை எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டார். பரீட்சை அலுவலகத்தில் யாருக்கோ போன் செய்தார். அங்கிருந்து என்னவோ சொன்னார்கள், என்னவோ கேட்டார்கள். போனைக் கையால் பொத்திக்கொண்டு இவளிடம் கேட்டார்.

"ஏம்மா, அந்தப் படிவத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா."

"இந்த வருஷம் எங்க வீட்டுல யாரும் இந்தப் பரீட்சை எழுதலைன்னு எழுதியிருக்கு. அதுலதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மகள் பத்தடி முன்னால் நடந்தாள். வாசல் வந்ததும் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

"வாழ்நாள் பூரா பேசாமத்தானே இருந்தே? இந்த ஒரு தடவையும் பேசாம இருந்திருக்கக் கூடாதா?"

வேறு கேள்வித்தாள் வந்தது. மகள் அதைத்தான் எழுதினாள். அவள் எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அம்மாவை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தபோது சார் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தார். அதே மடிப்புக் கலையாத சட்டை. வகுப்புக்குத் தாமதமாக வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, விசாரிக்கும் அதிகாரியிடம் திரும்பினார்.

"இவங்கதான் சார். பொண்ணைச் சேத்துக்கிட்டா பேப்பர் கொண்டு வரேன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன்."

பக்கத்தில் கட்டிங் அண்ணன் தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அவள் கோட்டைப் பற்றிச் சொன்னாள். வெட்டுக்குறியைப் பற்றி, கழிவுத் தாளைப் பற்றி, அது யார் கைக்குப் போகும் என்பதைப் பற்றி, தட்டுத் தடுமாறி எல்லாம் சொன்னாள். அதிகாரி குறுக்கிடாமல் எழுதிக்கொண்டார். முடித்ததும் பேனாவை மூடினார்.

"இவ்வளவு நுணுக்கம் தெரிஞ்சிருக்கு. படிவத்துல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் தெரியலை. அப்படித்தானே?"

 உண்மைதான், ஆனால் அவர் சொல்லும்போது பொய்யாகக் கேட்டது. அன்றைக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். மறுநாள் முதலாளி அவளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். சார் பத்து நாளில் வகுப்பைத் திறந்துவிட்டார். இரும்புப் படியில் மறுபடி செருப்புகள் சேர்ந்தன.

முடிவுகள் வந்த அன்று மகள் போனில் தன் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். மற்றப் பாடங்களுக்கு நேரே மதிப்பெண் இருந்தது. கணக்குக்கு நேரே ஒரு சின்னக் கோடு. கீழே, நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு வரி.

"ஃபெயிலாம்மா இது?"

"இல்ல."

"அப்ப பாஸா?"

அம்மா போனை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படிப்பில் சேரக் கடைசித் தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் பரீட்சை அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாவது ஜன்னலில் இருக்கும் குமாஸ்தாவுக்கு அவள் முகம் பழகிவிட்டது.

"நேத்துத்தானே வந்தீங்க?"

"ஆமா. இன்னைக்கும் வந்திருக்கேன்."

"ஃபைல் மேலே இருக்கும்மா. இன்னும் இறங்கலை."

"எப்ப இறங்கும்?"

பதினோராம் நாள் அந்த மனிதர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஜன்னலருகே குனிந்தார்.

"அக்கா, நல்லதுக்குச் சொல்றேன். ரொம்பக் கேட்டு நினைவுபடுத்தாதீங்க. இப்போதைக்கு ரிசல்ட்டைத்தான் நிறுத்தி வெச்சிருக்காங்க, கேஸ் போடலை. நேத்து உங்க ஃபைலைக் கேட்டு வேற ஒருத்தர் வந்துட்டுப் போனார். நீங்க வீட்டுல எப்ப இருப்பீங்க, பொண்ணு எப்ப இருப்பான்னெல்லாம் விசாரிச்சார்."

"யாரு?"

"பேர் சொல்லலை. ஒல்லியா இருந்தார், சட்டை மடிப்புக்கூடக் கலையலை."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் வீட்டில் தனியாக இருந்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு ஓட வேண்டும் என்று கால் பரபரத்தது. தேதிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

"எப்ப இறங்கும்னு கேட்டேன்" என்றாள்.