மிதந்த கண்

அம்மாவுக்கு இடது கண் கிடையாது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது புண் வந்து முற்றி, கண்ணையே எடுக்கும்படி ஆகிவிட்டது. அந்த இடத்தில் செயற்கைக் கண் ஒன்று இருந்தது. கெட்டியான, கனமான கண். அந்தப் பாரத்தில் கீழ் இமை தொங்கும். ஓயாமல் நீர் வடியும். வலது கண் எங்கே திரும்பினாலும் அது மட்டும் நேரே பார்த்தபடி நிற்கும். தெருவில் நான் அம்மாவின் வலது பக்கமே வர வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

தொண்ணூறுகளில், நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, லேக் கார்டன்ஸில் ஒரு பெங்காலி அம்மாள் கனமில்லாத கண் செய்து தருவதாக அப்பாவின் ரயில்வே ஆபீசில் யாரோ சொன்னார்கள். நாங்கள் குடியிருந்த கார்டன் ரீச்சிலிருந்து அம்மாவும் நானும் பலமுறை பஸ் ஏறிப் போனோம். அந்த அம்மாள் முதலில் குழியில் அச்சு எடுத்தார். பிறகு மெழுகில் செய்து பொருத்திப் பார்த்தார். அம்மாவின் நல்ல கண்ணைப் பார்த்துப் பார்த்துக் கருவிழி வரைந்தார். ரத்த நரம்புகளுக்குச் சிவப்புப் பட்டு இழைகள்.

கடைசி நாள், முடித்த கண்ணைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டார். மிதந்தது. உள்ளே வெறும் காற்றுதான், விரிசல் இருந்தால் மூழ்கிவிடும் என்றார். அதை மாட்டிவிட்டு, "எதிகே தேக்குன், தீதி", இந்தப் பக்கம் பாருங்கள் அக்கா, என்று விரலை இடப்பக்கம் நகர்த்தினார். அம்மாவின் இரண்டு கண்களும் ஒன்றாக விரலின் பின்னே போயின.

அம்மாவுக்குக் கண் தெரிந்துவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

தெருவுக்கு வந்ததும் இடது பக்கம் போய் நடந்தேன். அம்மா ஏதோ நினைப்பில் இருந்தாள், கவனிக்கவில்லை. ஜால்முடிக்காரர் டப்பாவில் பொரியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். நின்று பார்த்தேன். திரும்பினால் அம்மா இல்லை. எனக்குப் பயமே வரவில்லை. நான் நின்றதைத்தான் அம்மா புதுக் கண்ணால் பார்த்திருப்பாளே!

கொஞ்ச நேரத்தில் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு அம்மா ஓடிவந்தாள். முதுகில் ஒன்று வைத்துவிட்டு என்னை இறுக்கிக்கொண்டாள்.

"எடது பக்கம் வரக்கூடாதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

"புதுக் கண்ணு பாக்கும்ல?"

அம்மா மூச்சு வாங்க என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"அது நான் பாக்கறதுக்கு இல்லடி. என்னைப் பாக்கறவங்களுக்கு."

இதென்ன அநியாயம் என்று தோன்றியது. இத்தனை பஸ் ஏறி இறங்கி, ஒன்றும் தெரியாத கண்ணையா செய்துகொண்டோம்?

அதுவரை பஸ்ஸில் முந்தானையால் கண்ணை ஒற்றியபடி தலைகுனிந்தே வருகிற அம்மா, அன்று எதிர்சீட்டுக்காரியிடம் முகத்துக்கு நேரே பேச்சுக் கொடுத்தாள். மீன் விலை, அந்தப் பெண்ணின் குழந்தைக்குப் பல் முளைத்தது, எல்லாம் அரைகுறைப் பெங்காலியில். எங்கள் ஸ்டாப் தாண்டிப் போய்விட்டது. அதற்கும் அம்மா சிரித்தாள். ஏமாந்துபோனது தெரியாமல் இப்படிச் சிரிக்கிறாளே என்று, வீடு வரும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன்.